எண்ணெய் சிந்தினால் எதைக்கொண்டு எடுப்பது?
(ஒரு சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், கடலிலோ ஆற்றிலோ எண்ணெய் சிந்திவிட்டால் அதை வாரி எடுப்பதற்கு உபயோகப்படுத்தும் சாமான்களில் எது சகாயம், எது கிராக்கி என்பதாகும். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலர், "இது என்ன மளிகைக்கடைச் சமாசாரமாக இருக்கிறதே, இதற்கு ஒரு பொதுக்கூட்டமா?" என்று நினைக்கலாம். மளிகைக்கடைச் சமாசாரமேதான். விலை கேட்காமல் ஒரு படி உளுந்துகூட வாங்காத நாம், நம்முடைய கடலையும் ஆற்றையும் சுத்தம் செய்கிற காரியத்தில் மட்டும் எவனோ சொல்லுகிற கணக்கை அப்படியே ஒப்புக்கொள்ளுகிறோம். எந்தக் கணக்கில் யாருடைய பங்கு சேர்க்கப்படாமல் விடப்பட்டிருக்கிறது என்று கேட்பதில்லை. அதைக் கேட்கவேண்டும் என்பதற்காகவே இந்தப் பேச்சு.

முதலில் நடந்த சங்கதியைப் பார்ப்போம். 2017-ம் வருஷம் ஜனவரி மாதம் 28-ந் தேதி விடியற்காலையில், எண்ணூரை அடுத்த காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று எரிவாயுக் கப்பல், மற்றது எண்ணெய்க் கப்பல். கப்பலில் இருந்த கனமான எரி எண்ணெய் கடலில் கொட்டிற்று. முதலில் வெகு சொற்பம் என்று சொல்லப்பட்டது. பிறகு கணக்குப் பார்த்ததில் சுமார் 200 டன் என்று ஆயிற்று. அந்த எண்ணெய் தெற்கே மிதந்து வந்து எர்ணாவூர்ப் பக்கத்துக் கரைப் பாறைகளில் தார்போல் அப்பிக்கொண்டது. உறிஞ்சும் இயந்திரங்கள் வந்தன. எண்ணெய் மிகவும் கெட்டியாக இருந்ததால் குழாய்கள் அடைத்துக்கொண்டன. கடைசியில் என்ன செய்தார்கள்? பிளாஸ்டிக் வாளியைக் கொடுத்து, கையினால் அள்ளச் சொன்னார்கள். மீனவர்களும், மாணவர்களும், தீயணைப்புக்காரர்களும், கடலோரக் காவல் படையினரும் வரிசையாக நின்று வாளி மாற்றினார்கள். அந்தப் படங்களைப் பத்திரிகைகளில் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

சரி, ஒரு தடவை பட்டாயிற்று, அடுத்த தடவைக்குத் தயாராக இருப்பார்கள் என்று எண்ணினால், 2023-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலித் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தது. சுமார் 20 சதுர கிலோமீட்டர் பரவியிருந்ததாகக் கடலோரக் காவல் படையினர் வானத்திலிருந்து பார்த்துச் சொன்னார்கள். வலையும் படகும் அலையாத்திச் செடிகளின் வேரும் கறுத்துப்போயின. அப்பொழுதும் முதல் நாட்களில் மீனவர்கள் கையில் இருந்த ஆயுதம் என்னவென்றால் குவளையும் பீப்பாயுந்தான். ஆறு வருஷத்தில் வாளி குவளையாகச் சிறுத்ததே தவிர வேறு முன்னேற்றம் ஒன்றையும் காணோம்!

நிற்க, வாளியைவிட மேலான சாமான்கள் இல்லையா என்றால், ஏராளமாக இருக்கின்றன. உலகத்தில் எண்ணெய்க் கப்பல் உடைவது ஒன்றும் நேற்று ஏற்பட்ட காரியம் அல்ல. 1967-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கு அருகில் டாரி கான்யன் என்ற கப்பல் பாறையில் ஏறி உடைந்தது. ஒரு லட்சம் டன்னுக்குமேல் கச்சா எண்ணெய் போயிற்று. ஆங்கிலேயர்கள் என்ன செய்தார்கள்? எண்ணெயைக் கரைக்கும் சோப்பு மருந்தை ஆயிரக்கணக்கான டன் கரையிலும் கடலிலும் கொட்டினார்கள். போதாததற்கு ஆகாய விமானத்திலிருந்து கப்பல்மேல் குண்டு போட்டுக் கொளுத்திப் பார்த்தார்கள். பிறகு விஞ்ஞானிகள் பரிசோதித்தபோது, எண்ணெய் கொன்ற நத்தை, சிப்பி, நண்டுகளைவிட மருந்து கொன்றவையே அதிகம் என்று தெரிந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். சுண்ணாம்புப் பொடியைக் கொண்டுபோய் எண்ணெய்மேல் தூவி அதைக் கனமாக்கிக் கடலின் அடிக்கு அனுப்பினார்கள். கரைக்கு வந்துவிட்டதை வைக்கோலும் மரத்தூளும் போட்டு எடுத்தார்கள். 1969-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து சாந்தா பார்பரா கடலில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோதும் கரைக்கு வந்து சேர்ந்த முக்கியமான சாமான் வைக்கோல் கட்டுகளேயாகும்.

ஆகவே இதில் மூன்று தினுசு வைத்தியம் இருக்கிறது. ஒன்று கரைப்பது, ஒன்று அமிழ்த்துவது, மற்றொன்று உறிஞ்சி வெளியே எடுப்பது. முதல் இரண்டும் சகாயம்போலத் தோன்றும். ஏனென்றால் வேலை முடிந்தவுடன் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மருந்து போட்டால் எண்ணெய் பொடிப்பொடியாகி நீரில் கலந்துவிடுகிறது, எங்கும் போய்விடுவதில்லை. ஆழமான நடுக்கடலில், அலையும் நீரோட்டமும் இருக்குமிடத்தில், கரைக்கு வந்து பறவைகளையும் சதுப்புநிலத்தையும் கெடுப்பதைவிட இது தேவலை என்று சொல்ல நியாயம் உண்டு. 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் கிணறு வெடித்தபோது சுமார் 70 லட்சம் லிட்டர் மருந்து உபயோகப்படுத்தினார்கள். அது சரியா தப்பா என்று இன்றைக்கும் விவாதம் நடக்கிறது. ஆனால் எண்ணூர் முகத்துவாரம்போன்ற முழங்கால் தண்ணீரில், இறால் குஞ்சு பொரிக்குமிடத்தில் அதைப் போடுவதென்பது, வீட்டுக்குள் தேள் வந்துவிட்டதென்று கூரைக்கு நெருப்பு வைப்பதுபோல்தான். அமிழ்த்துவதோ அதைவிட மோசம். மேலே மிதக்கிற எண்ணெயையாவது எடுக்க வழி உண்டு. அடியில் போய்ச் சேற்றோடு கலந்ததை யார் எடுப்பது? வலை போடுகிறவன்தான் எடுப்பான், தன் வலையிலேயே! அமெரிக்காவில் இப்படி அமிழ்த்தும் பொருள்களைத் தண்ணீரில் போடக்கூடாதென்று சட்டமே இருக்கிறது.

இனி உறிஞ்சும் சாமான்களுக்கு வருவோம். இங்கேதான் நம் ஜனங்களிடம் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. "எது நன்றாக ஈரத்தை உறிஞ்சுகிறதோ அது எண்ணெயையும் நன்றாக உறிஞ்சும்" என்று நினைக்கிறோம். தரையில் சிந்திய எண்ணெய்க்கு அது சரி. மோட்டார் ஒர்க்ஷாப்பில் மரத்தூளையும் மணலையும் பனியன் வேஸ்டையும் போட்டுத் துடைக்கிறார்கள், வேலை நடக்கிறது. ஏனென்றால் அங்கே எண்ணெயைத் தவிர குடிப்பதற்கு வேறொன்றும் இல்லை. ஆனால் எண்ணெய் தண்ணீர்மேல் மிதக்கும்போது விஷயமே வேறு. உறிஞ்சுகிற சாமானுக்கு இரண்டு பானமும் எதிரே இருக்கின்றன. தண்ணீரோ எண்ணெயைப்போல் ஆயிரம் பங்கு அதிகமாக இருக்கிறது. அங்கே நமக்கு வேண்டியது எண்ணெயை மட்டும் குடித்துத் தண்ணீரைத் தொடாத சாமான். தென்னை நார்க்கழிவை எடுத்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சிப் பக்கத்தில் மலைமலையாகக் கிடக்கிறது. அதை நாற்றங்காலுக்கு எதற்காக வாங்குகிறார்கள்? தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதற்காக. அந்தக் குணமே இங்கு அதற்குக் கெடுதலாய் முடிகிறது. அப்படியே கடலில் போட்டால் தண்ணீரைக் குடித்து ஊறி முழுகும். பதப்படுத்தினால் உபயோகப்படும், பதப்படுத்தச் செலவு உண்டு.

இதைவிட வேடிக்கையானது பருத்தியின் கதை. மருந்துக்கடையில் விற்கிற வெள்ளைப் பஞ்சு தண்ணீரைக் கண்டால் உடனே குடிக்கும். ஆனால் செடியிலிருந்து எடுத்து வெளுக்காத பச்சைப் பஞ்சு தண்ணீரில் மிதக்கும், எண்ணெயைக் குடிக்கும். காரணம் மந்திரமல்ல. பஞ்சிழையின்மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய மெழுகு இருக்கிறது. மெழுகுக்கும் எண்ணெய்க்கும் உறவு, மெழுகுக்கும் தண்ணீருக்கும் பகை. மருந்துக்கடைப் பஞ்சைக் காரம் போட்டு அவித்து அந்த மெழுகை எடுத்துவிடுகிறார்கள். அதனால் அது கட்சி மாறிவிடுகிறது! அமெரிக்காவில் டெக்சாஸ் டெக் சர்வகலாசாலையில் பேராசிரியர் சேஷாத்ரி ராம்குமார் அவர்களும் அவரது கூட்டாளிகளும் 2013-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூற்பு மில்லுக்கு ஆகாதென்று விலை குறைகிற முதிராத மெல்லிழைப் பருத்தி தன் எடையைப்போல் 30 மடங்குக்கு மேல் கச்சா எண்ணெயைப் பிடிக்கிறது என்று காட்டினார்கள். மில்லுக்கு ஆகாதது கடலுக்கு ஆகிறது.

இலவம் பஞ்சு இதற்கும் ஒரு படி மேல். அதன் இழை உள்ளே வெறும் காற்றாக, வெளியே மெழுகு பூசியதாக இருக்கிற நுண்ணிய குழல். நூற்க உதவாது, வழுக்கும். அதனால்தான் தலையணைக்குப் போயிற்று. ஒரு காலத்தில் கப்பல் பிரயாணிகளின் மிதவைச் சட்டைக்குள்ளும் இதைத்தான் அடைத்தார்கள், தண்ணீர் ஏறாது என்பதற்காக. ஆராய்ச்சிக்கூடச் சோதனைகளில் இது தன் எடையைப்போல் 30, 40 மடங்கு எண்ணெயைப் பிடித்திருக்கிறது. போடிநாயக்கனூர்க்காரர்கள் இந்தப் பஞ்சை மூட்டை மூட்டையாக வியாபாரம் செய்கிறார்கள். எண்ணூரில் வாளி மாற்றிய அன்று அந்த மூட்டையில் ஒன்றுகூட நாம் பார்த்த படங்களில் இல்லை.

தோழர்களே, நாம் சொல்லுகிறோம் என்பதற்காக நீங்கள் இதை நம்பவேண்டியதில்லை. நம்புகிறது என்ற வழக்கமே நமக்கு வேண்டாம். வீட்டுக்குப் போய் மூன்று கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, ஒன்றில் மருந்துக்கடைப் பஞ்சு, ஒன்றில் பழைய தலையணையிலிருந்து பிடுங்கிய இலவம் பஞ்சு, ஒன்றில் ஒரு பிடி மரத்தூள் போட்டுப் பாருங்கள். கால் மணி நேரம் கழித்து எடுத்துப் பிழியுங்கள். பிழிந்ததில் எது எண்ணெய், எது தண்ணீர் என்று உங்கள் கண்ணே சொல்லிவிடும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்தால் இன்னும் நல்லது.

இப்பொழுது கணக்குக்கு வருவோம். அமெரிக்க சர்க்காரின் சுற்றுச்சூழல் இலாகா சொல்லுகிறபடி, வைக்கோல், மரத்தூள், சோளத்தக்கைத் தூள்போன்ற தாவரச் சாமான்கள் தம் எடையைப்போல் 3 முதல் 15 மடங்கும், களிமண், பெர்லைட், வெர்மிகுலைட்போன்ற மண் சாமான்கள் 4 முதல் 20 மடங்கும், பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக் இழையைப்போன்ற செயற்கைச் சாமான்கள் 70 மடங்கு வரையிலும் எண்ணெயைப் பிடிக்கும். இதெல்லாம் நல்ல நிலைமையில். கடலில் அலையடிக்கும்போது இதில் பாதி கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளவேண்டும்.

கணக்குப் புரிவதற்காக நாமாகச் சில விலைகளை வைத்துக்கொள்வோம். இவை மார்க்கெட் விலை என்று எவரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. உங்கள் ஊர் விலையைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். மரத்தூள் கிலோ 10 ரூபாய், 4 மடங்கு பிடிக்கும். இலவம் பஞ்சு கிலோ 200 ரூபாய், 20 மடங்கு பிடிக்கும். பிளாஸ்டிக் விரிப்பு கிலோ 400 ரூபாய், 10 மடங்கு பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன், அதாவது 1,000 கிலோ எண்ணெய் எடுக்கவேண்டும். மரத்தூள் 250 கிலோ, கிரயம் 2,500 ரூபாய். இலவம் பஞ்சு 50 கிலோ, 10,000 ரூபாய். பிளாஸ்டிக் விரிப்பு 100 கிலோ, 40,000 ரூபாய். இந்த இடத்தில் கணக்குப்பிள்ளை பேனாவை மூடிவிட்டு, "மரத்தூளே சகாயம், வாங்குங்கள் மரத்தூளை" என்று உத்தரவு போட்டுவிடுவான். அநேகமாக எல்லா இடத்திலும் கணக்கு இந்த இடத்தோடுதான் நின்றுவிடுகிறது.

ஆனால் கணக்கு இங்கே முடிகிறதா? எண்ணெய் குடித்த மரத்தூளை என்ன செய்வது? அது விஷக் கழிவு. கண்ட இடத்தில் கொட்டச் சட்டம் இடங்கொடுக்காது. அள்ளவேண்டும், மூட்டை கட்டவேண்டும், லாரி ஏற்றவேண்டும், தார்ப்பாய் விரித்த குழியிலோ உலையிலோ ஒழிக்கவேண்டும். இதற்கெல்லாம் கிலோவுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மரத்தூள் எண்ணெயோடு தண்ணீரையும் குடிக்கும். தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீர் என்றால் 500 கிலோ. ஆக எண்ணெய் 1,000, தூள் 250, தண்ணீர் 500, மொத்தம் 1,750 கிலோ. ஒழிக்கும் செலவு 35,000 ரூபாய். சகாயமாய் வாங்கிய மரத்தூளின் உண்மைக் கிரயம் 37,500 ரூபாய் ஆகிவிட்டது. இலவம் பஞ்சில் 1,050 கிலோதான் கழிவு, 21,000 ரூபாய், மொத்தம் 31,000. பிளாஸ்டிக் விரிப்பில் 1,100 கிலோ கழிவு, 22,000 ரூபாய், மொத்தம் 62,000. முதலில் நாலில் ஒரு பங்காய் இருந்த மரத்தூள் இப்பொழுது பஞ்சைவிடக் கிராக்கியாகிவிட்டது. பாதித்தூள் முழுகிப்போனதால் ஏற்படும் நஷ்டத்தை இதில் சேர்க்கவே இல்லை.

இதோடும் முடிவதில்லை. பிளாஸ்டிக் விரிப்பைப் பிழிந்து மறுபடியும் போடலாம். துணிக்குப் பிழிவுருளை இருப்பதுபோல் இதற்கும் உண்டு. முதல் தடவை பிடித்த அளவு பிறகு பிடிக்காதென்றாலும், எல்லாம் சேர்ந்து நாலு தடவைக்குச் சமமான வேலை வாங்கினால் 100 கிலோவுக்குப் பதில் 25 கிலோ போதும். கிரயம் 10,000 ரூபாய். பிழிந்த 750 கிலோ எண்ணெய் ஆலைக்குத் திரும்பப் போய்விடும். மிச்சம் 275 கிலோதான் கழிவு, 5,500 ரூபாய். ஆகமொத்தம் 15,500 ரூபாய், பிழிகிற கூலி தனி. எது மிகக் கிராக்கியாக இருந்ததோ அதுவே மிகச் சகாயமாகிவிட்டது! இலவம் பஞ்சையும் பிழியலாம். ஆனால் சில தடவையில் கட்டி தட்டிப்போகும். மரத்தூளைப் பிழிவது என்பது ஆகாத காரியம். ஆகவே, "கிலோ என்ன விலை?" என்று கேட்பது தப்பான கேள்வி. "ஒரு கிலோ எண்ணெயை வெளியே எடுத்து, அதை ஒழுங்காக ஒழித்துக்கட்டும் வரையில் என்ன செலவு?" என்பதே கேள்வி.

கழிவுக்கு இவ்வளவு முக்கியம் கொடுப்பானேன் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரே ஓர் உதாரணம் சொல்லுகிறோம். 1999-ம் வருஷம் டிசம்பரில் பிரான்சு தேசத்துக் கரைக்கருகில் எரிக்கா என்ற கப்பல் இரண்டாக முறிந்தது. சிந்திய எண்ணெய் சுமார் 20,000 டன். கரையிலிருந்து வாரிய எண்ணெய் கலந்த கழிவோ 2 லட்சம் டன்னுக்கு மேல். மணலும், பாசியும், வைக்கோலும், துடைத்த துணியும், போட்ட கையுறையும் எல்லாம் சேர்ந்து பத்து மடங்கு. அதை ஒழிக்க அவர்களுக்கு வருஷக்கணக்காயிற்று. நம் நாட்டில் என்றால் ஏதாவது ஓர் ஊரின் பொதுக் குளத்தங்கரை அதற்குக் கிடைத்திருக்கும்!

மனிதத் தலைமயிரைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில் ஒரு முடி திருத்துவோர், 1989-ல் அலாஸ்காக் கடலில் எக்சான் வால்டீஸ் கப்பல் உடைந்தபோது, நீர்நாயின் மயிரில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளுவதைத் தொலைக்காட்சியில் பார்த்து, "அப்படியானால் என் கடையில் கூட்டிக் கொட்டுகிற மயிர் எதற்கு ஆகும்?" என்று யோசித்தார். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் சோதித்தும் பார்த்தார். நாசா என்கிற விண்வெளி ஸ்தாபனத்தாரும் பிறகு பரிசோதித்தார்கள். எந்தப் பட்டமும் இல்லாத ஒரு தொழிலாளி கண்ணைத் திறந்து பார்த்துச் செய்த காரியமாகையால் நமக்கு அவரிடம் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் மதிப்பு வேறு, கணக்கு வேறு. 2010-ல் அமெரிக்க அதிகாரிகள் மயிர் அடைத்த மிதவையையும் விற்பனைக்கு வருகிற சாதாரண மிதவையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்ததில், மயிர் மிதவை எண்ணெயைக் குறைவாகவும் தண்ணீரை அதிகமாகவும் குடித்தது என்று கண்டார்கள். ஊர் ஊராகச் சேகரித்து அனுப்பியவர்களுக்கு வருத்தம்தான். நம் நாட்டில் மொட்டையடித்த நீள மயிரோ ஏலத்தில் போய்ச் சவுரிக்காக அயல்நாட்டுக்குக் கப்பல் ஏறுகிறது. அதை எண்ணெய் துடைக்கப் போட்டால் பட்டுப்புடவையால் தரை துடைத்த கதையாகும். சவரக்கடையில் கூட்டுகிற துண்டு மயிர் இனாமாகக் கிடைக்கலாம். தரையில் சிந்தியதற்குப் போடலாம்.

மோரீசுத் தீவில் 2020-ம் வருஷம் நடந்ததையும் சொல்லவேண்டும். நம் தமிழ்நாட்டிலிருந்து முன்னோர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட அதே தீவு. ஜூலை மாதம் 25-ந் தேதி வகாஷியோ என்ற ஜப்பானியரின் கப்பல் பவளப்பாறையில் ஏறிற்று. பன்னிரண்டு நாள் கழித்து எண்ணெய் கசிய ஆரம்பித்துச் சுமார் 1,000 டன் கடலில் போயிற்று. அந்த ஜனங்கள் சர்க்காருக்காகக் காத்திருக்கவில்லை. ஆணும் பெண்ணும் உட்கார்ந்து, துணியை நீளப் பையாகத் தைத்து, அதற்குள் கரும்புத் தோகையை அடைத்து, மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டி, மைல் கணக்கில் மிதவை வேலி போட்டார்கள். தோகை உறிஞ்சியது கொஞ்சந்தான் இருக்கும். ஆனால் அந்த வேலி எண்ணெயைத் தடுத்து ஒரு பக்கமாக ஒதுக்கிற்று. ஒதுக்கினால்தான் பம்பு போட முடியும். இதில் தோகையின் விலை ஒன்றுமில்லை. அது பக்கத்து வயலில் இருந்தது. அதைவிடத் தங்கள் கடலுக்குத் தாங்களே பொறுப்பு என்று நினைத்த ஜனங்கள் இருந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். உறிஞ்சும் சாமான் எவ்வளவு உயர்ந்ததானாலும் அது கடைசி வேலைக்குத்தான். முதலில் மிதவை வேலி போட்டு மடக்கவேண்டும். பிறகு மேலாக வழித்தெடுக்கும் இயந்திரமோ பம்போ வைத்து மொத்தமாக எடுக்கவேண்டும். மிச்சமிருக்கிற மெல்லிய படலத்துக்கும், பாறை இடுக்குக்கும்தான் பஞ்சும் விரிப்பும். எண்ணூரில் வந்ததுபோன்ற கெட்டி எண்ணெய் பஞ்சுக்குள் நுழையவே நுழையாது, வெளியே அப்பிக்கொள்ளும். அதற்கு பிளாஸ்டிக் நாடாக்களைக் குஞ்சம்போல் கட்டித் தொங்கவிட்டு ஒட்டி எடுக்கிறார்கள். மேல்நாட்டாரே எல்லா இயந்திரங்களையும் வைத்துக்கொண்டு, திறந்த கடலில் சிந்தியதில் நூற்றுக்குப் பத்து பதினைந்துக்குமேல் எடுப்பது அபூர்வம். ஆகையால் முதல் ஆறு மணி நேரத்தில் ஒரு வேலி போடுவதற்கு ஆகும் செலவு, பிறகு ஆறு மாதம் வாருவதற்கு ஆகும் செலவில் ஒரு தூசு. எக்சான் வால்டீஸில் சிந்தியது சுமார் 37,000 டன்; சுத்தம் செய்ய அந்தக் கம்பெனிக்கு ஆன செலவு சுமார் 200 கோடி டாலர். டன்னுக்கு 54,000 டாலர் ஆகிறது. இதில் பஞ்சின் விலை எங்கே, மரத்தூளின் விலை எங்கே?

இனி, நாம் ஆரம்பத்தில் சொன்ன வாளிக்கு வருவோம். எல்லாச் சாமான்களுக்கும் விலை போட்டுப் பார்த்தோம். ஒரு சாமானுக்கு மட்டும் இதுவரை எவரும் விலை போடவில்லை. அதுதான் மனிதனுடைய கை. எண்ணூரில் எல்லாவற்றிலும் சகாயமான உறிஞ்சு பொருளாக உபயோகப்படுத்தப்பட்டது அதுவே. அந்தக் கனமான எண்ணெயில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சரக்குகள் இருக்கின்றன. தோலில் பட்டால் கொப்புளமும் அரிப்பும் வரும். அதன் ஆவி தலைவலியையும் மயக்கத்தையும் கொடுக்கும். வைத்தியப் புத்தகங்கள் இதையெல்லாம் ஒளித்து வைக்கவில்லை. அப்படியிருக்க, ஒரு ஜோடி தரமான கையுறையும், முழங்கால் பூட்சும், மூக்கு மூடியும், மாற்று உடையும் என்ன விலையாகும்? அந்தத் தொகையைக் கணக்கில் சேர்க்காததால்தான் வாளி சகாயமாகத் தெரிகிறது. சேர்த்துப் பாருங்கள், தோல் வைத்தியனுக்குக் கொடுத்ததையும், மீன் பிடிக்கப்போகாமல் போன நாட்களின் வருமானத்தையும், மார்க்கெட்டில் "எண்ணூர் மீனா, வேண்டாம்" என்று ஒதுக்கப்பட்ட கூடைகளின் கிரயத்தையும் சேர்த்துப் பாருங்கள். வாளியைப்போல் கிராக்கியான சாமான் உலகத்தில் வேறு கிடையாது. செலவு குறையவில்லை, செலவைக் கொடுக்கிறவன்தான் மாறியிருக்கிறான்.

"அவர்களாகவே வந்தார்கள், கூலியும் கொடுத்தோம்" என்று இதற்குச் சமாதானம் சொல்லப்படுகிறது. தொழிலும் போய், அடுப்பும் அணைந்து நிற்கிறவன் கூலிக்கு வராமல் என்ன செய்வான்? மலக்குழியில் மனிதனை இறக்கக்கூடாதென்று 2013-ல் சட்டம் செய்தாயிற்று. அப்படியும் இறக்குகிறவர்கள் சொல்லுவதும் இதே சமாதானந்தான். எந்த வேலை அசுத்தமோ அதற்கு இன்ன ஜனங்களின் கை இருக்கிறது என்ற எண்ணம் நம் நாட்டில் எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறதென்றால், எண்ணெய் என்கிற புது அசுத்தம் வந்தவுடன் பழைய கைகளையே தேடிக்கொண்டு போகிறது. கப்பல் முதலாளியின் குமாஸ்தா எவனாவது வாளி பிடித்தானா?

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அசுத்தம் செய்தவனே சுத்தம் செய்யும் செலவையும் நஷ்டத்தையும் கொடுக்கவேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தில் 1996-ம் வருஷமே உச்ச நீதிமன்றத்தால் உறுதி செய்யப்பட்ட விஷயம். அதுவும் வேறெங்கோ நடந்த வழக்கில் அல்ல. நம்முடைய வேலூர் ஜில்லாத் தோல் பதனிடும் ஆலைகளின் வழக்கில். கப்பலின் எரி எண்ணெய் சிந்தினால் கப்பல்காரன் இன்ஷூரன்ஸ் வைத்துக்கொண்டு நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்கிற சர்வதேச உடன்படிக்கையிலும் இந்தியா 2015-ல் சேர்ந்திருக்கிறது. ஆகவே பணம் இருக்கிறது. ஆனால் இன்ஷூரன்ஸ்காரன் கண்ணீருக்குப் பணம் கொடுக்கமாட்டான், ரசீதுக்குத்தான் கொடுப்பான். எத்தனை பேர், எத்தனை நாள், என்ன கூலி, எத்தனை மூட்டை பஞ்சு, எத்தனை வலை கெட்டது, வழக்கமாக அந்த மாதத்தில் என்ன மீன் விற்பனை என்பதற்கெல்லாம் எழுத்து வேண்டும். படகுக்காரர்கள் மீன் விற்ற சீட்டை ஒரு வருஷமாவது பத்திரமாக வைத்திருக்கவேண்டும். கெட்டுப்போன வலையைத் தூக்கி எறிவதற்குமுன் தேதி தெரியும்படி படம் பிடித்து வைக்கவேண்டும்.

கடற்கரைக் குப்பங்களிலிருந்து வந்திருக்கிற தோழர்கள், அடுத்த மழைக்காலத்துக்குள் என்ன செய்யலாம் என்று கூட்டம் ஆரம்பிக்குமுன் கேட்டார்கள். துறைமுகத்தாரிடமும் ஆலைக்காரர்களிடமும் முகத்துவாரத்தின் குறுக்கே போடுகிற அளவுக்கு மிதவை வேலி இருக்கிறதா, எங்கே இருக்கிறது, அதைப் போட எத்தனை மணி நேரமாகும் என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. பொதுத்துறைக் கம்பெனிகளும் பெரிய துறைமுகங்களும் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். கையுறையும் பூட்சும் எத்தனை ஜோடி கையிருப்பு என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். குப்பத்துக்கு ஒரு பொதுக்கொட்டகையில் பத்து மூட்டை இலவம் பஞ்சும், அதை அடைக்கப் பழைய கொசுவலைத் துணியில் தைத்த நீளப் பைகளும், கட்டுவதற்கு வலைக் கயிறும் வைத்துக்கொண்டால் வேலிக்காரர்கள் வந்து சேரும் வரையில் படகுத்துறையையாவது காப்பாற்றிக்கொள்ளலாம். பஞ்சைத் தளர்ச்சியாக அடையுங்கள். தலையணைபோல் கெட்டியாக அடைத்தால் எண்ணெய் உள்ளே போக இடமிருக்காது. எலி வராமல் மூட்டைகளைப் பரண்மேல் வையுங்கள். இலவம் பஞ்சு நெருப்பை வெகு சீக்கிரத்தில் பிடிக்கக்கூடியது. ஆகையால் அந்தக் கொட்டகைக்குள் பீடி, சுருட்டோடு எவரையும் விடக்கூடாது.